நம்ம பேரும் ஏட்டில் ஏறவேண்டும்

(தோட்ட நலன்புரிக் குழுக்களும் மாதர் சங்கங்களும் சேர்ந்து நடத்திய கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையைப் பெரும்பாலும் மாற்றாமல் தருகிறோம்.)



ஆறு நாளும் மலையில நின்னுட்டு, கிடைச்ச ஒரு நாளையும் இந்தக் கூட்டத்துக்குக் கொடுத்திருக்கிறீங்க. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

"சமூக ஆவணங்களையும் வாய்மொழி வரலாற்றையும் பாதுகாப்பதற்குப் பொது நிதி" என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. கேட்க பெரிய இடத்து விஷயம் மாதிரி இருக்கு. உண்மையில் இது உங்கள் காம்பராவில், கட்டிலுக்கு அடியிலே இருக்கிற டிரங்குப் பெட்டி சம்பந்தப்பட்ட விஷயம்.

பெட்டிக்குள்ளே என்ன இருக்கு?

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பழைய பெட்டி இருக்கும். அதைத் திறந்தால் என்ன வரும்? தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம். அப்பாவின் பிறப்புச் சாட்சிப் பத்திரம். இந்தியாவுக்குப் போன பெரியம்மா எழுதின நீலக் கடிதம். பழைய சம்பளச் சீட்டு, தொழிற்சங்கச் சந்தா அட்டை, கலியாணப் படம். சில வீடுகளில் பழைய இந்தியக் கடவுச்சீட்டு. ஏதோ ஒரு வீட்டில் நூறு வருஷத்துக்கு முந்தின தகரத் துண்டும் இருக்கலாம். அந்தக் காலத்தில் அக்கரையிலிருந்து வருகிறவர்கள் கழுத்திலே கட்டிக்கொண்டு வந்த சின்ன வில்லை அது. எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்பதற்கு அதிலே இலக்கம் அடித்திருக்கும்.

இதையெல்லாம் நாம் "பழைய கடுதாசி" என்று சொல்கிறோம். தீபாவளிக்கு வீடு சுத்தம் பண்ணும்போது பாதி அடுப்புக்குப் போகிறது. கூரை ஒழுகி மீதி நனைகிறது. லயத்தில் தீ பிடித்தால் ஒரே இரவில் பத்து வீட்டுப் பெட்டியும் சாம்பல். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்கள் ஆட்களோடு மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும் மலையகத்தில் எத்தனையோ இடங்களில் மண் சரிந்தது. உயிர் போனால் திரும்பாது. ஆனால் உயிர் தப்பினவர்களுக்கு அடுத்த நாளே வருகிற கஷ்டம் என்ன? "அடையாள அட்டை எங்கே, பிறப்புப் பத்திரம் எங்கே" என்ற கேள்விதான்.

இன்னொன்றும் இருக்கு. புது வீடு கிடைக்கிறது, நல்ல காரியம். லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போகிறோம். போகும்போது பழைய சாமான்களைப் போட்டுவிட்டுப் போகிறோம். லயத்தின் சுவரை இடிக்கும்போது, அதில் ஒட்டியிருந்த படமும், கரியால் எழுதிவைத்த பிறந்த திகதியும் சேர்ந்து போகிறது. லயம் போகட்டும், அதிலே எனக்கு வருத்தம் இல்லை. லயத்தில் வாழ்ந்தவர்களின் பேர் போகக்கூடாது.

எண்ணிக்கையில் இருந்தோம், பேரில் இல்லை

நம்ம ஆட்கள் கடல் கடந்த கதை உங்களுக்குத் தெரியும். 1823இல் கம்பளைக்குப் பக்கத்தில் சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் போட்டார். அங்கிருந்துதான் நமது 200 ஆண்டைக் கணக்குப் பார்க்கிறோம். 2023இல் ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடைபயணத்தில் உங்களில் சிலரும் நடந்திருப்பீர்கள். பழைய ஆட்கள் காட்டு வழியே நடந்து வந்த பாதையை நினைத்து நடந்த நடை அது.

அந்தப் பாதையில் முதலில் நடந்தவர்களின் பேர்ப் பட்டியல் எங்கே இருக்கிறது? யாராவது காட்ட முடியுமா?

மொரிசியஸ் தீவுக்கும் அதே காலத்தில் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஆட்கள் போனார்கள். தமிழர்களும் போனார்கள். அங்கே ஒவ்வொரு ஆளையும் ஒப்பந்தத்தில் எடுத்தபடியால் அரசாங்கம் ஒவ்வொருவருக்கும் இலக்கம் போட்டு, பேர், தகப்பன் பேர், ஊர், அங்க அடையாளம் எல்லாம் ஏட்டிலே எழுதியது. பிறகு படமும் எடுத்தது. அது அவர்கள்மேல் இருந்த அன்பினால் இல்லை, ஆள் தப்பி ஓடக்கூடாது என்பதற்காகத்தான். ஆனாலும் ஏடு மிஞ்சிவிட்டது.

இலங்கைக்கு வந்தவர்கள் கங்காணி மூலமாக வந்தார்கள். ஒரு ஊரில் கங்காணி பத்து இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு வருவார். துரைக்குத் தெரிந்தது கங்காணியின் பேர். மற்றவர்கள் "இத்தனை தலை". கடன் கணக்கு கங்காணியின் கையில். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் "துண்டு" வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவோம் என்று எழுதின சீட்டு அது. 1921ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தது.

ஆகவே ஆரம்ப காலத்தில் நாம் எண்ணிக்கையில் இருந்தோம், பேரில் இல்லை. மலையில் முழு நாள் நின்றும் அரைப்பேர் போட்டால் நமக்கு எப்படி வயிறு எரியும்! நம் முன்னோருக்குச் சரித்திரம் அரைப்பேர்கூடப் போடவில்லை. அவர்களைப் பற்றி மிச்சம் இருப்பது குடும்பத்துக்குள் சொல்லிச் சொல்லி வந்த கதையும் பாட்டும், பெட்டியில் இருக்கிற கடுதாசியும்தான். மற்ற நாட்டில் வாய்க்கதை என்பது ஏட்டுக்குத் துணை. நமக்கு வாய்க்கதைதான் ஏடு. ஒரு கிழவி கண்ணை மூடினால் ஒரு ஏடு மூடுகிறது.

கடுதாசி இல்லாததால் பட்ட பாடு

"சோற்றுக்கே வழி பார்க்கிறோம், இதில் சரித்திரம் எதுக்கு வாத்தியாரே?" என்று ஒருவர் நினைக்கலாம். நியாயமான கேள்வி. சம்பளம், வீடு, காணி என்பவைதான் முதல். ஆனால் கடுதாசி என்பது சோற்றோடு சம்பந்தப்பட்டது என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்த சனம் இந்த நாட்டில் இல்லை.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நம்மில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனோம். அடுத்த ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவிடத்தாருக்கான பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதன்படி 1946 ஜனவரி 1க்கு முன்னால், கலியாணம் முடித்தவர்கள் 7 வருஷமும் மற்றவர்கள் 10 வருஷமும் தொடர்ந்து இங்கே இருந்ததாகக் காட்டவேண்டும். எதை வைத்துக் காட்டுவது? தோட்டத்துச் செக்ரோல், பிறப்புப் பதிவு, பாடசாலை இடாப்பு. ஏறக்குறைய 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் போயின. அவற்றில் இருந்த ஆட்கள் ஏறக்குறைய 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர். பிரஜாவுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. தொடர்ந்து இருந்ததற்கு அத்தாட்சி போதாது என்று தள்ளப்பட்டவர்கள் எத்தனையோ பேர். மலையில் கொழுந்து கிள்ளின கைக்கு, "நீ இங்கே இருந்தாயா?" என்று கேள்வி.

பிறகு 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கூறு போட்டார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் அங்கே, 3 இலட்சம் இங்கே, மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மீதியை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் கப்பலில், தம்பி லயத்தில். நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் போய்க் குடியேறி, மறுபடியும் தேயிலைத் தோட்டத்திலேயே வேலை செய்தவர்கள் நம் இரத்தம்தான். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் "எங்க தாத்தா பொறந்த தோட்டம் எது?" என்று தேடுகிறார்கள். நமது பேரப்பிள்ளைகளும் அங்கே யார் இருக்கிறார்கள் என்று தேடுகிறார்கள். விலாசம் எழுதின கடித உறை ஒன்று இருந்தால் இரண்டு குடும்பம் சேரும்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்து நாடற்ற நிலையை முடித்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்தவருக்கும் அவர்களின் வம்சத்தாருக்கும் பிரஜாவுரிமை என்றது. அங்கேயும் திகதிதான், அத்தாட்சிதான்.

இன்றைக்கும் பாருங்க. அடையாள அட்டையில் "இராமாயி", செக்ரோலில் "ராமாய்", ஊழியர் சேமலாப நிதிப் புத்தகத்தில் இன்னொரு பேர். முப்பது வருஷம் உழைத்த காசை எடுக்க ஆபிஸ் ஆபிஸாக அலைகிறோம். பழைய செக்ரோலின் ஒரு பக்கம் கையில் இருந்தால் அந்த அலைச்சல் பாதியாகும். எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் பழைய புத்தகங்களை எல்லாம் ஸ்டோருக்குப் பின்னால் போட்டு எரித்தார்கள். இடம் காணாது என்பது காரணம். அந்தப் புகையில் யாருடைய சேவைக்காலம் போனது என்று யார் கண்டது?

மொரிசியஸ் எப்படிச் செய்தது?

மொரிசியஸைப் பற்றிச் சொன்னேன். ஏடு மிஞ்சியதோடு அவர்கள் விடவில்லை. போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் ஆட்கள் இறங்கின இடத்துக்கு ஆப்பிரவாசி காட் என்று பேர். 1849இல் கட்டத் தொடங்கிய கட்டிடம். 1834க்கும் 1920க்கும் இடையில் இந்தியாவிலிருந்து ஏறக்குறைய 5 இலட்சம் பேர் அந்தத் தீவுக்கு வந்தார்கள். அந்த இடத்தைப் பாதுகாக்க 2001இல் அந்த நாட்டுப் பாராளுமன்றம் சட்டம் போட்டு ஒரு நம்பிக்கை நிதியத்தை அமைத்தது. 2006இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது.

மோகா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவகம் இருக்கிறது. குடியேற்ற ஏடுகளை அங்கே வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு ஒரு மொரிசியஸ் பிள்ளை அங்கே போய், தன் பாட்டனுடைய பேரைச் சொல்லித் தேடலாம். எந்தக் கப்பலில் வந்தார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று பதிவின் பிரதி வாங்கலாம். அரசாங்கத்தின் பணம், சட்டத்தின் பாதுகாப்பு, ஆட்களின் பேர் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கிறது. கூலி என்று அழைக்கப்பட்டவர்களின் ஏடு இன்றைக்கு அந்த நாட்டுக்கே பெருமை.

நம்ம நாட்டில் செய்தவர்கள் யார்?

நம்மிடத்தில் ஒருவரும் செய்யவில்லை என்று சொன்னால் அது நன்றிகெட்ட பேச்சு. செய்தவர்கள் இருக்கிறார்கள். சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் பாராளுமன்றம் போனவர். தோட்டம் தோட்டமாக நம்ம பெண்கள் பாடின பாட்டைக் கேட்டு எழுதி வைத்தார். "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்று 1983இல் அது நூலாக வந்தது. அடுத்த வருஷம் அவர் காலமானார். ஒரு வருஷம் தாமதித்திருந்தால் அவர் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். சாரல் நாடன் தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, கோ. நடேசய்யர் நடத்தின பத்திரிகைகளையும் அவர் வரலாற்றையும் தேடி எடுத்து நூல் எழுதினார். தன் சம்பளத்திலும் தன் நேரத்திலும் செய்த வேலை அது.

2005இல் தொடங்கிய நூலகம் என்ற அமைப்பு, ஈழத்துத் தமிழ்ப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் படம் பிடித்து இணையத்தில் எல்லாரும் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறது. மலையகப் பழைய நூல்களும் அதில் உண்டு. தொண்டர்களின் உழைப்பாலும் நன்கொடையாலும் வளர்ந்த காரியம். கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் பழைய லயத்திலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அமைத்தது. பெண்கள் அணிந்த நகை, தப்பு, கவ்வாத்துக் கத்தி, பழைய பத்திரங்கள் போன்றவை சேர்க்கப்படவேண்டிய இடம் அது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இதற்குப் பக்கத்திலே இன்னொன்றையும் வைத்துப் பார்ப்போம். கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டின தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலைச் சபையும் தொழில்துறையினரும் சேர்ந்து 2001இல் தேயிலை அருங்காட்சியகம் திறந்தார்கள். பழைய ரோலர், அந்தக் கால எஞ்சின், 1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் பாவித்த பொருட்கள் எல்லாம் அங்கே இருக்கு. நல்லது, இருக்கட்டும். இயந்திரத்தையும் துரையையும் பாதுகாக்கப் பணம் கிடைத்த நாட்டில், கொழுந்து கிள்ளினவர்களின் கதை மட்டும் ஒரு சிலருடைய நல்ல மனத்தை நம்பி நிற்கவேண்டுமா? அதுதான் என் கேள்வி.

பொதுப் பணம் ஏன்?

நல்ல மனம் பெரியது, ஆனால் அதற்கு ஆயுள் குறைவு. வெளிநாட்டு நன்கொடை மூன்று வருஷத்துக்கு வரும், திட்டம் முடிந்தால் கதவு மூடும். சேர்த்து வைத்த ஒலிநாடா பூஞ்சணம் பிடிக்கும். பழைய கசெற்றில் பதிந்த பாட்டை இன்றைக்குக் கேட்க ரேடியோவே இல்லை. ஆவணத்தைச் சேர்ப்பது ஒரு வருஷ வேலை, காப்பது நூறு வருஷ வேலை. நூறு வருஷ வேலைக்கு வருஷா வருஷம் பணம் ஒதுக்குகிற இடம் வேண்டும். அது பொது நிதிதான்.

இது பிச்சை கேட்பது இல்லை. தேயிலை, கோப்பி ஏற்றுமதியால் ரயில் பாதை வந்தது, துறைமுகம் வளர்ந்தது, நாட்டின் கஜானா நிரம்பியது. 1972லும் 1975லும் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் முகாமைத்துவம் கம்பனிகளுக்குப் போகும்வரை மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும்தான் பெரும்பாலான தோட்டங்களை நடத்தின. அந்தக் காலத்துச் செக்ரோலும் இடாப்பும் பொதுப் பணத்தில் எழுதப்பட்டவை. அவற்றைப் பாதுகாக்கும் பொறுப்பை எந்த அரசாங்கமும் தட்டிக் கழிக்க முடியாது.

1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய சுவடிகள் திணைக்களம் நடக்கிறது. கொழும்பில் இருக்கு. அரசாங்கம் எழுதினது அங்கே போகும். அரசாங்கம் நம்மைப் பற்றி எழுதினது அங்கே கிடைக்கும். நாம் நம்மைப் பற்றிச் சொன்னது எங்கே போகும்? அதற்கு இங்கேயே, பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற தூரத்தில், ஒரு இடம் வேண்டும்.

அந்த இடம் எது? பிரதேச சபையின் பொது நூலகம் என்று நான் சொல்வேன். முன்பு 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி, சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடை இருந்தது. வாக்கு நம்முடையது, ரோட்டுப் போட மட்டும் சட்டம் இடம் கொடுக்காது என்ற நிலை. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன்பே நுவரெலியா மாவட்டத்தில் இரண்டு பெரிய சபைகளைப் பிரித்து ஆறாக்கினார்கள். 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு சபைகள் மறுபடியும் இயங்குகின்றன. வரவு செலவுத் திட்டத்தை வருஷக் கடைசியில் போடுவார்கள். அதற்கு முன்னே நம் வட்டார உறுப்பினரின் கையில் நமது கோரிக்கை இருக்கவேண்டும்.

கேட்பது பெரிய கட்டிடம் இல்லை. நூலகத்தில் ஈரம் ஏறாத ஒரு மூலை, இரண்டு இரும்பு அலுமாரி, ஒரு ஸ்கேனர், ஒரு கணினி. உயர்தரம் படித்துவிட்டு வீட்டில் இருக்கிற நம்ம பிள்ளைகள் இரண்டு பேருக்கு மாதக் கொடுப்பனவு. அவ்வளவுதான். வருஷா வருஷம் அது வரவேண்டும், அதுதான் முக்கியம்.

பணம் வந்தால் கட்டளையும் வருமே?

சென்ற கூட்டத்தில் ஒரு தம்பி இதைக் கேட்டார். "அரசாங்கக் காசு வந்தால் அரசாங்கத்துக்குப் பிடிச்ச கதையைத்தானே சொல்லவேண்டும் சேர்? நாடற்றவர் ஆக்கினதையும், 1983இல் லயம் எரிந்ததையும் பதிய விடுவார்களா?" நல்ல கேள்வி. அந்தப் பயம் இருக்கத்தான் வேண்டும். அதனால் பணம் கேட்கும்போதே நிபந்தனையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

முதலாவது, எதைப் பதிவது என்று முடிவெடுக்கிற குழுவில் தோட்டத்து ஆட்கள், அதிலும் பாதிப் பேர் பெண்கள், இருக்கவேண்டும். இரண்டாவது, மூலப் பத்திரம் வீட்டுக்காரருக்கே சொந்தம், நூலகத்துக்குப் பிரதி மட்டும். மூன்றாவது, பதிவுகளின் விபரப் பட்டியல் தமிழில் இருக்கவேண்டும், சிங்களத்திலும் இருக்கட்டும். பக்கத்துக் கிராமத்துச் சனமும் நம் கதையை வாசிக்கட்டும். நான்காவது, ஒரே இடத்தில் மட்டும் வைக்கக்கூடாது. பிரதி இன்னும் இரண்டு இடத்திலாவது இருக்கவேண்டும். ஒரு நூலகம் எரிந்தால் என்ன ஆகும் என்று தமிழனுக்கு 1981இல் யாழ்ப்பாணம் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

கணக்குக் கேட்கவும் வழி இருக்கு. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எவ்வளவு பணம் வந்தது, எங்கே போனது என்று சபையிடம் எழுத்தில் கேட்கலாம்.

வாயால் சொன்னதும் ஆவணம்தான்

இப்போது தாய்மாருக்கு ஒரு வார்த்தை. "நமக்கு என்ன தெரியும், நாம படிக்கலையே" என்று சொல்லாதீங்க. பிள்ளைக் காம்பராவில் பிள்ளையை விட்டுவிட்டு மலை ஏறினது எப்படி, நிறுவையில் எத்தனை கிலோ வெட்டினார்கள், பிரசவத்துக்கு யார் வந்தார், பஞ்ச காலத்தில் எதைச் சாப்பிட்டோம், கப்பல் ஏறின தங்கச்சி கடைசியாக என்ன சொன்னாள் என்பதெல்லாம் எந்த ஆபிஸ் புத்தகத்திலும் இல்லை. உங்களிடம் மட்டும்தான் இருக்கு. தாலாட்டும் ஒப்பாரியும் உங்கள் வாயில்தான் இருக்கு. மாசி மாதம் காமன் கூத்துப் போடுகிறோமே, ரதி மதன் கதையை முழுதாகப் பாடத் தெரிந்த வாத்தியார் உங்கள் தோட்டத்தில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்? விரல் விட்டு எண்ணுங்கள்.

இலங்கை 2008இல் யுனெஸ்கோவின் அருவ மரபுரிமை உடன்படிக்கையில் சேர்ந்தது. 2018இல் நூல் பொம்மலாட்டமும், 2021இல் தும்பறைப் பாய் நெசவும் அந்த அமைப்பின் பட்டியலில் ஏறின. பாய் பின்னுகிற கைக்கு அந்த மரியாதை கிடைத்தது சந்தோஷம். காமன் கூத்துக்கும் அர்ச்சுனன் தபசுக்கும் ஒருநாள் அது கிடைக்கவேண்டுமானால், முதலில் அது பதிவில் இருக்கவேண்டும்.

நாளைக்கே தொடங்கலாம்

பணம் வரட்டும் என்று பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம். கையில் இருக்கிற ஃபோன் போதும்.

வயதில் மூத்தவரிடம் முதலில் போங்கள். பதிவு செய்யலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் தொடக்கத்திலேயே திகதி, அவர் பேர், தோட்டம், டிவிசன் எல்லாவற்றையும் சொல்லிப் பதியுங்கள். "உங்க அப்பா அம்மா எந்த ஊர்? முதன்முதல் எப்போது பேர் பதிஞ்சீங்க? அப்போ சம்பளம் என்ன?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நடுவில் குறுக்கிடவேண்டாம். குடும்பச் சண்டை, சாதிப் பேச்சு, யாராவது மனம் நோகிற விஷயம் வந்தால், இதை வெளியே கொடுக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்வதுதான் தீர்ப்பு. முடிந்த பிறகு அந்தப் பதிவை ஒரே ஃபோனில் வைத்திருக்காதீர்கள். ஃபோன் விழுந்தால் கதையும் விழும். இன்னொரு ஆளுக்கும் அனுப்பி வையுங்கள்.

பழைய பத்திரங்களைப் பகல் வெளிச்சத்தில், நேராக வைத்து, இரண்டு பக்கமும் படம் எடுங்கள். கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டவேண்டாம், சில வருஷத்தில் அது மஞ்சளாகிக் கடுதாசியையே தின்றுவிடும். லெமினேட் பண்ணவும் வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. சுத்தமான துணியில் சுற்றி, மூடியுள்ள பெட்டியில், தரையிலும் சுவரிலும் முட்டாமல் உயரத்தில் வையுங்கள். மண்சரிவு அபாயம் என்று சொல்லப்பட்ட இடமானால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. பத்திரங்களை ஒரு பையில் தனியாக, கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள்.

தோட்டத் தலைவர்மாருக்கு ஒன்று. பழைய செக்ரோல், தோட்ட டிஸ்பென்சரி இடாப்பு, பிறப்பு இறப்புப் புத்தகம் இவற்றை எரிக்கவேண்டாம் என்று துரையிடம் எழுத்தில் கேளுங்கள். வைக்க இடமில்லை என்றால், எரிப்பதற்கு முன் நமக்கு அறிவிக்கும்படி கேளுங்கள். பாடசாலை அதிபர்மாருக்கும் ஒன்று. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் 1977க்குப் பிறகு படிப்படியாக எடுத்தது. அதற்கு முந்தின சேர்வு இடாப்பும் சம்பவத் திரட்டும் உங்கள் அலுமாரியில் இருந்தால் அது பொன். இறாத்தல் கணக்கில் பழைய பேப்பர்காரனுக்குப் போடவேண்டாம்.

கடைசியாக, இந்தக் கூட்டம் ஒரு தீர்மானம் எடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பிரதேச சபையின் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில், நூலகத்துக்குள் நமது சமூக ஆவணப் பகுதிக்கு நிரந்தரமான ஒதுக்கீடு வேண்டும் என்று ஒரு கடிதம். அதில் எல்லாரும் பேரைத் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைக்கிறவர்கள் பக்கத்தில் முழுப் பேரையும் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றையும் பத்திரப்படுத்துங்கள். அந்த அலுமாரிக்குள் முதலில் போகவேண்டிய கடுதாசி அதுதான்.